மூச்சைக் காக்கும் கடமை

தன் நிலையைத் தானே எடுத்துரைக்க வல்லவனுக்குச் சமுதாயம் ஆற்றும் கடமையினும், அவ்வாறு உரைக்க இயலாதவனுக்கு ஆற்ற வேண்டிய கடமை பெரிது. நினைவிழந்து கிடப்பவரும், நினைவு தெளிவாக இருந்தும் இமை திறக்கவோ நா அசைக்கவோ வலுவற்றுக் கிடப்பவரும் தம் உயிரைப் பிறருடைய விழிப்பில் முற்றிலும் ஒப்படைத்தவர்கள். மூளை, நரம்பு சார்ந்த தீவிர சிகிச்சை என்னும் மருத்துவத் துறை இந்த அறத்தின்மீதே எழுந்து நிற்கிறது. அதனைப் பெருநகர மருத்துவமனைகளுக்கு மட்டும் உரியதாகக் கருதுவோர், காவிரிப் படுகையின் நெல்வயல்களில் உழைப்போருக்கு அது எத்துணை இன்றியமையாதது என்பதை ஆழ்ந்து எண்ணல் வேண்டும்.

நெல் விளையும் நிலத்தில் எலி பெருகும்; எலியைத் தேடிப் பாம்பு வரும். கட்டுவிரியன் பெரும்பாலும் இரவில், தரையில் படுத்துறங்குவோரைத் தீண்டுகிறது. கடிவாயில் வலியும் வீக்கமும் அரிதாகவே தோன்றுவதால், விடியலில் எழும் வயிற்றுவலியைச் செரிமானக் கோளாறு என்றெண்ணிக் காலத்தை இழக்க நேர்கிறது. பின்னர் இமை சரிகிறது; விழுங்கும் ஆற்றல் போகிறது; இறுதியில் மூச்சுத் தசைகள் ஓய்கின்றன. இந்நச்சு நரம்பு முனைகளையே சிதைப்பதால், தசைகள் செயலிழந்த பின்னர்ச் செலுத்தப்படும் நச்சுமுறிவு மருந்து அவற்றை உடனே மீட்பதில்லை. சிதைந்த முனைகள் மீண்டும் தளிர்க்கும் வரை, நாள்களாயினும் வாரங்களாயினும், கருவியின் துணையால் மூச்சளித்துக் காத்தல் வேண்டும். அவ்வாறு காக்கப்பட்டவர் எழுந்து நடந்து வயலுக்கே திரும்பக் கூடியவர். காக்கப்படாதவர் சில நிமிடங்களில் மாள்பவர்.

மருத்துவரின் தீர்ப்புக்கும் இங்கே ஒரு கடுஞ்சோதனை உண்டு. நினைவின் அளவை அறிவதற்கு, கிளாஸ்கோ நகரின் மருத்துவர்கள் டீஸ்டேலும் ஜென்னட்டும் 1974-இல் வகுத்த அளவுகோலை உலகம் கையாளுகிறது. கண் திறத்தல், பேச்சு, உறுப்பசைவு ஆகிய மூன்றையும் அது நோக்குகிறது. கட்டுவிரியன் நச்சால் முற்றும் தளர்ந்தவரிடம் இம்மூன்றும் இரா. கண்மணியும் ஒளிக்குச் சுருங்காது போகலாம். ஆயினும், சுற்றி நிற்போர் பேசுவதையெல்லாம் அவர் கேட்டுக்கொண்டிருக்கக் கூடும்; அவரை மூளைச்சாவுற்றவர் என்று பிழையாகக் கருதிவிட இடமுண்டு. நான்கு மருத்துவர் கொண்ட குழு, ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை ஆய்ந்த பின்னரே மூளைச்சாவை அறிவிக்கலாம் என்று 1994-ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டமும் அதன் விதிகளும் வகுத்திருப்பது, பிழைக்கு இடம் தரலாகாது என்னும் அச்சத்தினாலேயே. உறுப்புக் கொடையில் 2008 முதல் தமிழ்நாடு ஈட்டியுள்ள நற்பெயர், அந்த ஆய்வின் நேர்மைமீது மக்கள் வைத்துள்ள நம்பிக்கையால் வாழ்கிறது. ஆதலின் இப்படுகையில் ஒருவருடைய மூளையின் நிலை குறித்து முடிவுரைக்குமுன், பாம்பு தீண்டலோ நஞ்சுண்டலோ இல்லையென உறுதிசெய்தல் தவிர்க்கலாகாத நெறி.

வயலோடு வந்த மற்றொரு நஞ்சு பூச்சிக்கொல்லி. அவற்றுள் ஆர்கனோபாஸ்பரஸ் வகையால் தாக்குண்டவர் முதற்கடுமையைக் கடந்து தேறிவருகையில், ஒன்று முதல் நான்கு நாள்களுக்குள் கழுத்தும் தோளும் தளர்ந்து மூச்சடங்கிப் போவதுண்டு. இந்நோய்க்கூற்றினை 1987-இல் மருத்துவ உலகுக்கு எடுத்துரைத்தவர்கள் இலங்கை மருத்துவர்களான சேனநாயக்கவும் கரல்லியத்தவும். நம்மைப் போன்றே நெல்லை நம்பி வாழும் நாட்டில், நோயாளியின் கட்டிலருகே பொறுமையோடு நோக்கிக் குறித்துவைத்ததன் பயன் அக்கண்டுபிடிப்பு. தேறினார் என்று தோன்றுபவரையும் விழிப்போடு காக்க வேண்டும் என்று உலகம் கற்றது அவர்களிடமிருந்தே. தஞ்சையிலிருந்தும் அத்தகைய அறிவு பிறத்தல் கூடும், பிறத்தல் வேண்டும்.

இத்துறையின் வரலாறு ஒரு பாடத்தைத் தெளிவாகக் கற்பிக்கிறது. 1952-இல் கோபன்ஹேகன் நகரை இளம்பிள்ளைவாதம் தாக்கியபோது, கருவிகள் போதாமையால், மயக்கவியல் மருத்துவர் இப்சன் காட்டிய வழியில் மருத்துவ மாணவர்கள் முறைவைத்து இரவும் பகலும் கையால் பையை அழுத்தி நோயாளிகளுக்கு மூச்சளித்தனர். தீவிர சிகிச்சைப் பிரிவு என்னும் அமைப்பு அங்கிருந்தே வளர்ந்தது; மனிதரின் விழிப்பு முன்னே வந்தது, கருவி பின்னே வந்தது. நம் நாட்டிலும், சீர்காழியில் 1922-இல் பிறந்த மருத்துவர் பி. ராமமூர்த்தி, சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1950-இல் நரம்பு அறுவை மருத்துவத்தைத் தொடங்கி, ஒரு தலைமுறை மருத்துவரைப் பயிற்றுவித்தார். படுகை ஈன்ற மகன் தலைநகரில் வளர்த்த துறை, படுகையின் கடைக்கோடி வரை வந்து சேர்தல் நீதி.

தஞ்சை மருத்துவக் கல்லூரிக்குப் பின், திருவாரூரில் 2010-இலும் நாகப்பட்டினத்தில் 2022-இலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் எழுந்துள்ளன. எனினும் மூச்சு தளர்ந்துகொண்டிருக்கும் ஒருவரை, வேதாரண்யத்திலிருந்து தஞ்சைக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர் கொண்டுசெல்ல நேர்ந்தால், அவ்வழி நெடுகிலும் அவருக்கு மூச்சளிக்கும் கை வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தின் செவிலியருக்கும் 108 அவசர ஊர்திப் பணியாளருக்கும் மூச்சளிக்கும் பயிற்சி ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். சுவாசக் கருவியில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு செவிலியர் என்னும் நெறி நள்ளிரவிலும் தளரலாகாது. பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாகத் தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் ஆக்கியிருப்பது போற்றத்தக்கது. ஆனால் அவ்வறிவிப்புகள் எண்ணிக்கையாக மட்டும் கோப்புகளில் உறங்குமாயின் பயனில்லை. எவ்வளவு நேரம் கழித்து வந்தார், எத்தனை நாள் கருவியில் இருந்தார், எந்நிலையில் வீடு திரும்பினார் என்பவற்றை மூன்று கல்லூரிகளும் ஒரே முறையில் பதிந்து, ஆராய்ந்து, ஆண்டுதோறும் வெளியிடுதல் வேண்டும்.

கருவி வாங்குவது ஒருமுறைச் செலவு. அதன் அருகே விழித்திருக்கும் செவிலியரையும் மருத்துவரையும் அமர்த்துவது ஆண்டுதோறும் ஏற்க வேண்டிய பொறுப்பு. முன்னதைச் செய்து பின்னதை ஒத்திப்போடும் அரசு தன் கடமையில் பாதியையே செய்ததாகும். மீளக்கூடிய ஓர் உயிர், காப்பாரின்மையால் போகுமாயின் அதனை விதி என்று சொல்லி அமைதல் தகாது. படுகையின் மருத்துவமனைகளுக்கு வேண்டிய பணியிடங்களை வரும் நிதிநிலை அறிக்கையிலேயே உருவாக்கி நிரப்புமாறு தமிழ்நாடு அரசை வலியுறுத்துகிறோம்.