கோபத்தின் திசை

2025 நவம்பரில் திருகோணமலைக் கடற்கரையில் ஒரு புத்தர் சிலை வைக்கப்பட்டது. பொலிசார் அகற்றினர், மறுநாள் அது மீண்டும் அங்கே வந்தது. பாராளுமன்றம் முழங்கிற்று. தமிழர் கொதித்தனர், சிங்களவரும் கொதித்தனர். கொதிப்பதற்கு நேரமும் தாளும் மையும் எல்லோரிடமும் இருந்தன.

இரண்டு மாதம் முன்பே, அதே நகரில் முத்துநகர் விவசாயிகள் சத்தியாக்கிரகம் தொடங்கியிருந்தனர். அவர்கள் உழுதுவந்த வயல், துறைமுக அதிகார சபையின் காணி என்று சொல்லப்பட்டு, சூரிய மின்சாரக் கம்பெனிகளுக்குப் போயிற்று. அவர்களுக்காக நாம் எத்தனை பக்கம் எழுதினோம்?

சிலைக்குப் பின்னாலும் நிலப்பசி உண்டு என்பர் நண்பர்கள். மறுக்கேன். 2005 மே மாதம் பஸ் நிலையத்தருகே எழுந்த சிலையையும், அதற்கு நின்ற ஆயுதக் காவலையும் இந்நகர் மறக்கவில்லை. ஆயின் சிலையைக் கண்டு எழும் கோபம், தமிழனைத் தமிழனாகவும் சிங்களவனைச் சிங்களவனாகவும் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது. வயலுக்காக எழும் கோபமோ கணக்குக் கேட்கும்: யார் காணி, யாருக்குக் குத்தகை, எவனுக்கு இலாபம்?

சம்பூர் மக்கள் கேட்டார்கள். 2006இல் குண்டுக்குத் தப்பி ஓடி, ஒன்பது ஆண்டு கழித்து ஊர் திரும்பத் தொடங்கியவர்கள், வீட்டுச் சுவர் எழும்புமுன்பே நிலக்கரி மின் நிலையத்தை எதிர்த்து நின்றார்கள். கொழும்பிலிருந்த சுற்றாடல் இயக்கத்தார் உச்ச நீதிமன்றம் சென்றனர். 2016 செப்டம்பரில் திட்டத்தைக் கைவிடுவதாக அரசே மன்றில் கூறிற்று.

சிலை எதிர்ப்புக் கூட்டங்களுக்குத் திரளும் பணத்தில் பாதியேனும் காணி வழக்குகளுக்குப் போகட்டும். அடுத்த கூட்டத்துக்கு என்னை அழைப்போர் முத்துநகர் உழவர் ஒருவரையும் மேடையேற்றட்டும். எனக்குரிய நேரத்தை அவருக்கே தந்துவிடுகிறேன்.