பழைய பாட்டைத் திரும்பப் பாடினா குத்தமா சாமி?

"அடுத்தவன் பாட்டைப் பாடி ஆல்பம் போடுறதெல்லாம் ஒரு பொழப்பா?" சொந்தக் காசுல பழைய ஸ்விங் பாட்டுகளைப் பதிவு பண்ற ஜாஸ் பாடகிகளைப் பத்தி ஆபீஸ் நண்பர் விட்ட டயலாக் இது. சிவகாசிக்காரன் எனக்குத் திரி பத்திக்கிச்சு!

எங்க ஊருக்குப் பக்கம்தான் ஸ்ரீவில்லிபுத்தூர். ஆண்டாளோட அதே முப்பது பாசுரத்தைத்தான் ஒவ்வொரு மார்கழியும் பாடுறோம். கச்சேரிகள்ல அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் போட்ட மெட்டு இன்னிக்கும் ஓடுது. யாராவது "புதுசா எழுதிட்டு வா"ன்னு கேட்டோமா?

கெர்ஷ்வினோட 'சம்மர்டைம்' 1935-ல வந்தது. பில்லி ஹாலிடே பாடினா ஒரு பாட்டு, எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் பாடினா வேற பாட்டு. தாளத்துக்குக் கொஞ்சம் பிந்தி பில்லி சொல்லை இறக்குவாங்க பாருங்க, திரியைக் கொளுத்திட்டுக் காதைப் பொத்திக்கிட்டு நிக்கற நொடி மாதிரி இருக்கும். மெட்டு கெர்ஷ்வினோடது, அந்த நொடி அவங்களோடது.

நம்ம உஷா உதுப்பே 1969-ல மவுண்ட் ரோடு நைன் ஜெம்ஸ் கிளப்புல புடவையோட இங்கிலீஷ் பாட்டு பாடித்தான் ஆரம்பிச்சாங்க. சினிமாவுல பாடினப்புறம்தான் நம்மள்ல பாதிப்பேருக்கு அவங்க பேரே தெரியும்.

சினிமாவும் கம்பெனியும் இல்லாம பாடுறவங்களுக்கு நாம குடுக்கறது என்ன? ஓசில கேட்டுட்டு ஓசில நக்கல். முதல்ல காசு குடுத்து வாங்கிக் கேளுங்க மக்களே, அப்புறம் திட்டுங்க.

கும்முறவங்க பின்னூட்டத்துல வரிசையா வாங்க!