வாய்க்காலுக்கு மேற்கே ஊர் இல்லையா?

புதுச்சேரி என்றதும் ஒரு மஞ்சள் சுவர், அதன்மேல் வழியும் காகிதப்பூக் கொடி, நீலத் தகட்டில் தெருப்பெயர். சுற்றுலா விளம்பரம் தொடங்கிக் கல்யாண ஆல்பம் வரை இதே படம்தான். பார்த்துப் பார்த்து ஊர்க்காரர்களே ஒன்றை நம்பத் தொடங்கிவிட்டார்கள். காப்பாற்ற வேண்டியது கடற்கரையை ஒட்டிய பிரெஞ்சுத் தெருக்களை மட்டும்தானாம். ஊரை இரண்டாகப் பிரிக்கும் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே இருப்பது கடைத்தெரு, நெரிசல், பழைய வீடு. பழைய வீட்டை இடித்துக் கட்டினால் என்ன தப்பு என்கிறார்கள்.

தப்பு வரலாற்றிலேயே தொடங்குகிறது. 1761-இல் ஊரைப் பிடித்த ஆங்கிலேயர் கோட்டையையும் வெள்ளையர் பகுதியையும் தரைமட்டமாக்கினார்கள். 1765-இல் திரும்பி வந்த பிரெஞ்சுக்காரர்கள் எழுப்பியதும் அதற்குப் பின் வளர்ந்ததும்தான் இன்று நாம் பார்க்கும் 'அசல் பிரெஞ்சு' ஊர். ஆனால் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் துபாஷி (மொழிபெயர்ப்பாளர்) ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை, வாய்க்காலுக்கு மேற்கே, அந்த அழிவையும் தாண்டி நிற்கிறது. கீழே மரத்தூண்கள் சூழ்ந்த தமிழ் முற்றம், மேல்மாடியில் பிரெஞ்சு பாணியில் வெள்ளைத் தூண்கள். ஊரின் வயதுக்குச் சாட்சி வேண்டுமானால் இந்த வீட்டைத்தான் கூப்பிட வேண்டும். கிழக்கும் அப்படியொன்றும் சுத்தப் பிரெஞ்சு அல்ல. மணக்குள விநாயகர் இருப்பது அங்கேதான். அரவிந்தர் ஆசிரமக் கட்டடங்கள் சாம்பலும் வெள்ளையும், மஞ்சளைக் காணோம்.

அழகு என்று பார்த்தாலும் மேற்கு சளைத்ததல்ல. பிரெஞ்சு வீடு தெருவுக்கு முதுகு காட்டும். உயர்ந்த மதில், பெரிய கதவு. தோட்டமும் தூண்வரிசையும் உள்ளே. நடந்து போகிறவருக்குக் கிடைப்பது சுவர்தான். தமிழ் வீடோ தெருவிலேயே தொடங்கிவிடுகிறது. முதலில் தாழ்வாரம்: மரக்கால்கள் தாங்கும் ஓட்டுச் சாய்ப்பு. வெயிலுக்கும் மழைக்கும் யார் வேண்டுமானாலும் அதன் அடியில் ஒதுங்கலாம். அதையடுத்துத் திண்ணை, வந்தவர் உட்கார. பிறகுதான் கதவு, நடை, முற்றம். வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டியிருப்பதால் தாழ்வாரங்கள் கைகோத்துக்கொண்டு தெரு நெடுக ஒரே நிழலாக ஓடும்.

நடுவில் ஒரு வீட்டை இடித்து, கீழே கார் நிறுத்தத் தூண்களை நட்டு, மேலே மூன்று மாடி எழுப்பிப் பாருங்கள். அந்த இடத்தில் நிழல் அறுந்துவிடும். நடப்பவர் வெயிலில், வண்டிகளுக்கு நடுவே இறங்கியாக வேண்டும். ஒட்டுச்சுவரின் துணையை இழந்த பக்கத்து வீட்டில் மழைநீர் இறங்கும். சில வருடங்களில் அதற்கும் 'அபாயகரமான கட்டடம்' என்று பெயர் வந்துவிடும். இப்படித்தான் ஒன்று போய் இன்னொன்று, கடைசியில் தெருவே போகிறது.

பராமரிப்பு என்ற பெயரிலும் கொலை நடக்கிறது. சுண்ணாம்புச் சாந்தில் எழுந்த சுவர் நிலத்து ஈரத்தை உறிஞ்சி வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரத்துக்குப் போக்கிடமில்லை. கடலோர ஊர், உப்பும் கூடவே ஏறும். பூச்சு உப்பிப் பொருக்குப் பொருக்காக விழும், உள்ளே செங்கல் மாவாகும். கெடுத்தது சிமெண்ட், பழி வீட்டின் மேல்.

சரி, செல்லப்பிள்ளையான கிழக்காவது பத்திரமாக இருந்ததா? கடற்கரைச் சாலையில் அரசின் கையிலேயே இருந்த 19-ஆம் நூற்றாண்டு மேரி கட்டடம் (பழைய நகர மன்றம்) 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. உலக வங்கி நிதியில் பழைய தோற்றத்திலேயே கட்டி 2021-இல் திறந்தார்கள். புகைப்படத்தில் வித்தியாசம் தெரியாது. புகைப்படத்தில் தெரியாவிட்டால் போதும் என்பதுதானே இங்கே பாரம்பரியக் கொள்கை!

மேற்கை மீட்க முடியாது என்றும் சொல்ல முடியாது. வைசியாள் வீதியில் ஒரு பகுதியை, ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு, பாரம்பரியப் பாதுகாப்புக்கான இன்டாக் அமைப்பு மீட்டுக் காட்டியது. வீட்டுக்காரர்களும் செலவில் பங்கு கொண்டார்கள். 2008-இல் யுனெஸ்கோ விருதும் வந்தது. அங்கேயும் வேலை பெரும்பாலும் முகப்போடு நின்றது என்பது என் குறை. என்றாலும் தாழ்வாரங்கள் திரும்பி வந்தன.

"சொத்து வீட்டுக்காரருடையது, கேட்க நீ யார்?" என்பார்கள். நியாயமான கேள்விதான். நாலு வாரிசுக்குப் பங்கு, வாடகை சொற்பம், பழைய மெட்ராஸ் டெரஸ் கூரை போடத் தெரிந்த கொத்தனார் அபூர்வம். அவர் இடிக்கத்தான் நினைப்பார். கிழக்கே இருக்கும் வீடு விடுதியாகிச் சம்பாதிக்கிறது. மேற்கே இருப்பதற்கு மதிப்பே இல்லை என்று ஊர் சேர்ந்து சொல்லிவிட்ட பிறகு அவர் வேறென்ன செய்வார்? அதனால் இடிக்கக் கூடாது என்ற தடை உத்தரவோடு பணமும் வர வேண்டும். பாரம்பரிய வீட்டுக்காரர் தான் கட்டாமல் விட்ட பரப்பின் உரிமையை வேறிடத்துக்கு விற்க மும்பை விதிகளில் வழி இருக்கிறது. இங்கேயும் அதைக் கொண்டுவரலாம். இந்தத் தெருக்களில் கார் நிறுத்துமிடம் கேட்கும் விதியைத் தளர்த்தலாம். தாழ்வாரத்தைக் காப்பவருக்கு வீட்டு வரியைக் குறைக்கலாம். விழுந்த மேரியைத் திரும்பக் கட்டப் பணம் கிடைத்த ஊரில், இன்னும் விழாத வீடுகளுக்கு நிதி இல்லை என்று சொன்னால் யார் நம்புவது?