பழத்தை அறுத்துப் பார்ப்பவரின் சொல்

உணவகங்களிலும் துணிக்கடைகளிலும் கல்லாவுக்குப் பின்புறச் சுவரில் ஓர் அறிவிப்பு தொங்குவதை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். நிறை இருந்தால் நண்பர்களிடம் சொல்லுங்கள், குறை இருந்தால் எங்களிடம் சொல்லுங்கள் என்பது அது. படிக்க இனிய வாசகம். பணிவும் அதில் உண்டு. ஆயினும் புகழ்ச்சி ஊருக்குப் பொது, புகார் முதலாளிக்கு மட்டும் உரியது என்பதே அதன் உட்பொருள். இவ்வேற்பாடு வாங்குபவருக்கு மட்டுமன்றி விற்பவருக்கும் நன்மை தராது என்பது என் கருத்து. வாடிக்கையாளர் சொல்லும் குறையைப் பிற வாடிக்கையாளர்களும் காணும் இடத்தில் எழுத விடுவதும், அதற்கான விடையை அதே இடத்தில் எழுதுவதும் வணிகருக்கே பாதுகாப்பு. முதலமடையின் மாம்பழ வணிகத்தை வைத்து இதை விளக்க முற்படுகிறேன்.

பொள்ளாச்சியிலிருந்து கொல்லங்கோடு செல்லும் சாலையில் கோவிந்தாபுரம் எல்லையைக் கடந்ததும் தொடங்குகிறது முதலமடை ஊராட்சி. பாலக்காடு மாவட்டத்தின் இம்மலையடிவாரப் பகுதியில் தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசும். ‘மாங்கனி நகரம்’ என்னும் பெயர் இதற்கு வாய்த்ததற்குக் காரணம், நாட்டின் பிற பகுதிகளில் மாமரங்கள் பூத்து நிற்கும் வேளையிலேயே இங்குக் காய் பறிக்கப்படுவதுதான். ஆண்டின் தொடக்க மாதங்களில் அல்போன்சா, பங்கனப்பள்ளி, செந்தூரம், கிளிமூக்கு முதலிய இனங்கள் இங்கிருந்து தில்லி, மும்பைச் சந்தைகளுக்கு லாரியேறுகின்றன. முதல் வரவுக்குச் சந்தையில் எப்போதும் மதிப்பு உண்டு.

தோப்பின் உடைமையாளர் பெரும்பாலும் தாமே பழத்தை விற்பதில்லை. பூ வரும் முன்போ, பிஞ்சு பிடித்த பின்போ, சில வேளை பல ஆண்டுகளுக்கு மொத்தமாகவோ தோப்பைக் குத்தகைக்கு விட்டுவிடுகிறார். மருந்து தெளிப்பதும் பறிப்பதும் பெட்டியில் அடுக்குவதும் குத்தகைதாரரின் பொறுப்பு. அவரிடமிருந்து கமிஷன் மண்டி, அங்கிருந்து மொத்த வணிகர், பிறகு தெருமுனைத் தள்ளுவண்டி என்று பழம் பல கைகள் மாறுகிறது. பணம் இதே வழியில் சிறுகச் சிறுகக் குறைந்து திரும்பி வருகிறது. உண்டவரின் சொல் மட்டும் திரும்பி வருவதேயில்லை.

அந்தச் சொல் ஏன் அத்துணை முக்கியம் என்று கேட்கலாம். மாம்பழம் என்பது விற்றவரும் வாங்கியவரும் வெளியிலிருந்து பார்த்துத் தீர்ப்பளிக்க இயலாத பண்டம். அல்போன்சாவில் ‘ஸ்பாஞ்சி டிஷ்யூ’ என்றொரு குறை உண்டு. தோல் மாசற்றிருக்கும், மணமும் குறையாது. அறுத்தால் உள்ளே வெளிறிய பஞ்சு போன்ற சதை, புளிப்போடும் சில வேளை கெட்ட வாடையோடும் இருக்கும். பழ ஈயின் வேலையும் அத்தகையதே. காய் மரத்தில் இருக்கும்போதே தோலுக்கடியில் முட்டையிட்டுச் சென்றுவிடும். புழு வெளிப்படும் நேரத்தில் பழம் யாரோ ஒருவர் வீட்டுச் சமையலறையில் இருக்கும். பழுக்கவைக்கும் முறையும் கண்ணுக்குப் புலப்படாது. கார்பைடு கல் ஈரத்தோடு சேர்ந்து வெளியிடும் வாயுவால் பழுக்கவைப்பதை 2011ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் தடை செய்துள்ளன. அக்கல்லில் ஆர்சனிக், பாஸ்பரஸ் ஆகியவற்றின் எச்சங்கள் இருக்கக்கூடும் என்பதே காரணம். வரையறுத்த அளவில் எத்திலீன் வாயுவுக்கு அனுமதி உண்டு. இரண்டு வகையாலும் தோல் மஞ்சளாகும். வேறுபாடு பெரும்பாலும் நாவில் வைத்த பிறகே ஐயமாகத் தோன்றும்.

ஆகவே, இவ்வணிகத்தில் தரச்சோதனையின் கடைசிப் படியைச் செய்பவர் கத்தியோடு அமர்ந்திருக்கும் வாடிக்கையாளர். அவர் கண்டது தோப்புக்குத் திரும்பாவிடில், அடுத்த ஆண்டும் அதே மரம், அதே பறிப்பு, அதே குறை. அத்துடன் பழி பிரித்தறியாமல் ஊர்ப்பெயர் மீது விழுகிறது. முதலமடைத் தோப்புகளின் பூச்சிமருந்துப் பயன்பாடு குறித்து நெடுநாளாகக் கேள்விகள் எழுந்துள்ளன. எண்டோசல்பானை உச்ச நீதிமன்றம் 2011 மே மாதம் நாடு முழுவதும் தடை செய்வதற்கு முன்பே இங்கு அது பேச்சாகியிருந்தது. அளவறிந்து தெளித்தவரும் அளவின்றித் தெளித்தவரும் சந்தையில் ஒரே பெயரால் அறியப்பட்டனர். தனிப்பெயரில் குறை சொல்ல இடமில்லாத இடத்தில் பொதுப்பெயரில்தான் குறை சொல்லப்படும்.

குறை வெளிப்படையாகப் பதிவானால் என்ன நேரும் என்பதற்குச் சான்று தொலைவில் இல்லை. 2013இல் இந்தியாவிலிருந்து சென்ற 207 காய்கனிச் சரக்குகளில் பழ ஈ முதலிய பூச்சிகள் காணப்பட்டதாக ஐரோப்பிய ஒன்றியம் அறிவித்தது. 2014 மே 1 முதல் மாம்பழத்துக்கும் நான்கு காய்கறிகளுக்கும் தடை வந்தது. பருவத்தின் நடுவில் வந்த அந்தத் தடை ஏற்றுமதியாளர்களுக்குப் பேரிடி. அதே அறிவிப்புத்தான் ஏற்றுமதிச் சரக்கைச் சான்று பெற்ற பொதிகூடங்கள் வழியாக மட்டுமே அனுப்பவும், வெந்நீரிலோ நீராவியிலோ பதப்படுத்தவும் நம்மைக் கட்டாயப்படுத்தியது. 2015 சனவரியில் மாம்பழத் தடையை நீக்க ஒன்றியம் முடிவு செய்தது. வாங்குபவர் முறையாக எழுதிவைத்த குறை எட்டே மாதங்களில் பல ஆண்டுப் பழக்கத்தை மாற்றியது. உள்நாட்டில் வாங்கும் நமக்கு அப்படிப்பட்ட பதிவேடு எங்கே இருக்கிறது?

மண்டியைத் தவிர்த்து, தொலைபேசியில் ஆர்டர் எடுத்து, கோவைக்கும் பெங்களூருக்கும் வீட்டு முகவரிக்கே பெட்டி அனுப்பும் சிறு உற்பத்தியாளர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். அவர்கள் முதல்முறையாகத் தம் பெயரைப் பெட்டியின் மேல் அச்சிடுகின்றனர். அப்பெயருக்குக் கீழே பிறர் எழுத இடம் தரலாமா என்னும் கேள்வி அவர்களுக்கே மிகக் கூர்மையானது. அவர்களது அச்சத்தை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். பருவம் நான்கைந்து மாதம். ‘கார்பைடு போட்ட பழம்’ என்று ஒருவர் எழுதிவிட்டால், அது பொய் என்று சோதனைக்கூட அறிக்கை வருவதற்குள் பருவமே முடிந்துவிடும். பார்சல் நிலையத்தில் இரண்டு நாள் வெயிலில் கிடந்து அழுகிய பழத்துக்கும் பழி தோப்புக்காரர் மேலேயே. பக்கத்துத் தோப்பின் போட்டியாளர் வாடிக்கையாளர் வேடத்தில் எழுதமாட்டார் என்பதற்கும் உறுதியில்லை.

இவ்வச்சங்களுக்கு விடை பெட்டியைப் பூட்டுவதில் இல்லை; பதிவை ஒழுங்குபடுத்துவதில் இருக்கிறது. இந்த விஷயத்தில் வங்கிகளின் அனுபவம் பயன்படும். வங்கிகளின் வாடிக்கையாளர் சேவையை ஆராய 1975இல் ஆர். கே. தல்வார் தலைமையிலும், 1990இல் எம். என். கோய்போரியா தலைமையிலும் குழுக்கள் அமைந்தன. இன்று ஒவ்வொரு கிளையிலும் புகார்ப் பெட்டியோடு புகார்ப் புத்தகமும் இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தல். அப்புத்தகத்தின் தாள்கள் துளையிட்டுப் பல படிகளாக அமைந்தவை. ஒரு படி ஒப்புகையாக அங்கேயே வாடிக்கையாளர் கைக்கு வரும். சிறிய ஏற்பாடுதான். ஆனால் பெட்டிக்கும் புத்தகத்துக்கும் உள்ள முழு வேறுபாடும் அதில் அடங்கியிருக்கிறது. பெட்டியின் சாவி முதலாளியிடம் இருக்கிறது. உள்ளே விழுந்த தாள் என்ன ஆயிற்று என்று கேட்க யாராலும் இயலாது. படி கொடுத்த புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்தெறிந்தால் கிழித்தது தெரிந்துவிடும்.

மாம்பழப் பொதிகூடத்தில் இத்தகைய நோட்டு ஒன்றை வைப்பது கடினமன்று. எழுதுபவர் பில் எண்ணையும் பெட்டி வந்த நாளையும் குறிக்க வேண்டும் என்ற ஒரே விதி போலி வாடிக்கையாளர்களில் பெரும்பாலோரை வெளியே நிறுத்திவிடும். கண்டதை எழுதட்டும்: ‘அறுத்தபோது உள்ளே வெளிறியிருந்தது’ என்பது கண்டது, ‘கார்பைடு போட்டீர்கள்’ என்பது ஐயம். ஐயத்தை ஐயமென்றே எழுதச் சொல்வதில் தவறில்லை. வசைச் சொல்லையும், சாதியையும் குடும்பத்தையும் இழுக்கும் பேச்சையும் நீக்கலாம். நீக்கியதைக் குறித்துவைக்க வேண்டும். தொலைபேசியில் வரும் குறைகளையும் அதே நோட்டில் ஏற்றி, புதிதாக ஆர்டர் தருபவர் கேட்டால் அந்தப் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பலாம். விடை இடப்பக்கக் குறைக்கு நேரே வலப்பக்கத்தில், நாள் குறிப்போடு அமையட்டும். இரண்டாவது நாள் பறிப்பில் மேற்குப் பகுதி மரங்களின் பழம் இது, அதே நாள் அனுப்பிய பிற பெட்டிகளிலும் இக்குறை வந்துள்ளது, பணத்தைத் திருப்பிவிட்டோம் என்று ஒருவர் எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். அதைப் படிக்கும் புதிய வாடிக்கையாளர் ஓடிப்போவாரா? நானாயின் அவரிடமே வாங்குவேன். புகழ்ச்சி மட்டுமே நிரம்பிய நோட்டைத்தான் ஐயத்தோடு புரட்டுவேன்.

பணம் கொடுத்தும் ஆள் வைத்தும் எழுதப்படும் புகழுரைகள் இணைய விற்பனையில் பெருகியதால்தான், 2022 நவம்பரில் இந்திய தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 19000 என்னும் தரநிலை வெளியானது. விலைக்கு வாங்கிய மதிப்புரைகளையும் அதற்கென அமர்த்தியவர்கள் எழுதியவற்றையும் வெளியிடலாகாது என்கிறது அது.

குறையை வெளியே சொன்னால் நிறுவனத்தின் மதிப்புக் கெடும் என்பார்க்கு இன்னொரு தொழிலைக் காட்ட விரும்புகிறேன். சென்னையிலிருந்து வெளிவரும் ‘தி இந்து’ நாளேடு 2006இல் வாசகர் ஆசிரியர் என்னும் பொறுப்பை ஏற்படுத்தி, வாசகர் சுட்டும் பிழைகளையும் திருத்தங்களையும் தன் பக்கங்களிலேயே அச்சிடத் தொடங்கியது. நம்பகத்தன்மையையே விற்கும் தொழில் அது. தன் பிழையைத் தன் தாளிலேயே அச்சிட்டதனால் அதன் வாசகர்கள் அதைவிட்டு விலகிவிடவில்லை.

எல்லாக் குறைகளையும் எல்லாரும் காண வைக்க வேண்டும் என்று நான் கூறவில்லை. வங்கிப் புகாரில் கணக்கு விவரமும் கடன் நிலையும் கலந்திருக்கும். அது பிறர் கண்ணில் படலாகாது. ஆகையால் அங்கு வழி வேறு. கிளையில் எழுதிக் கொடுத்து 30 நாளில் விடை வராவிடினோ, வந்த விடை நிறைவளிக்காவிடினோ, 2021 நவம்பர் 12 அன்று தொடங்கப்பெற்ற ஒருங்கிணைந்த குறைதீர்ப்புத் திட்டத்தின்படி ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம். தனியொருவரின் புகார் மறைவாக இருந்தாலும், எவ்வகைப் புகார் எத்தனை வந்தது என்னும் கணக்கு ஆண்டறிக்கைகளில் வெளியாகிறது. மறைக்க வேண்டியதை மறைத்து, எண்ணிக்கையை வெளியிடும் இம்முறை மருத்துவமனை, வழக்கறிஞர் அலுவலகம் போன்றவற்றுக்கும் ஏற்றது. பழக்கடைக்கு அந்தத் தடை இல்லை.

விடை எழுத ஆளில்லாத வணிகர் மட்டும் நோட்டைத் திறக்க வேண்டாம். மூன்று மாதக் குறைகள் மறுமொழியின்றி வரிசையாய் நிற்கும் பக்கம், நோட்டே இல்லாததைவிடத் தீங்கானது. பருவ நெருக்கடியில் பறிப்பையும் லாரியையும் கவனிப்பதா, நோட்டில் எழுதுவதா என்று கேட்பவர்க்கு என் யோசனை: குடும்பத்தில் பேசத் தெரிந்த ஒருவருக்கு மாலையில் அரை மணி நேரம் இதற்கென ஒதுக்குங்கள். பெரும்பாலான தோப்பு வீடுகளில் அத்தகைய பெண் ஒருவர் ஏற்கெனவே பில் எழுதிக்கொண்டுதான் இருப்பார்.

முதலமடைக்குரிய சிக்கல் இன்னொன்று உண்டு. தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் பகுதிகளில் அரசு அலுவலகங்களுக்குத் தம் மொழியிலேயே எழுதலாம் என்று 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடமளிக்கிறது. தனியார் வணிகருக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. ஆனால் பொள்ளாச்சி வாடிக்கையாளர் தமிழிலும், பாலக்காட்டு வாடிக்கையாளர் மலையாளத்திலும், தில்லிக்காரர் இந்தியிலும் எழுதுவர். எழுதிய மொழியிலேயே விடையும் தரப்பட வேண்டும். எழுதவே தெரியாதவர் நேரில் வந்து சொன்னால், அவர் சொல்லச் சொல்ல ஒருவர் எழுதிக்கொண்டு, எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டிய பிறகே கைநாட்டு வாங்க வேண்டும்.