உழைப்பவனுக்கு எட்டு மணி, படிப்பவனுக்கு?

எட்டு மணி நேரம் உழைப்பு, எட்டு மணி நேரம் ஓய்வு, எட்டு மணி நேரம் உறக்கம்! இதைக் கேட்டுத்தான் உலகத் தொழிலாளி உதைபட்டான், சிறை புகுந்தான், உயிரும் தந்தான். 1923 மே முதல் நாள் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே நாளைச் சிங்காரவேலர் கொண்டாடினாரே, அந்நாளின் பொருளும் இதுதான்.

மனிதன் எந்திரமல்ல, ஓய்வின்றி உழைத்தால் ஒடிந்து போவான். இதை முதலாளிக்கு எடுத்துரைத்த நாம், நம் வீட்டுப் பிள்ளையிடம் மறந்துவிடலாமா?

செய்யாற்றங்கரைக் காவாந்தண்டலத்திலிருந்து கல்லூரி செல்ல வேண்டுமானால், காஞ்சிக்கோ உத்திரமேரூருக்கோ பேருந்தேற வேண்டும். காலையில் அவசரம், பேருந்தில் நெரிசல். அதுவரை தமிழில் படித்த பாடம் வகுப்பிலே ஆங்கிலத்தில்! மாலையில் திரும்பினால் மாட்டுக்குத் தண்ணீர், கடைக்கு ஓட்டம். மகளாயிருந்தால் அடுப்படி வேலையும் சேரும். நடவு நாளில் கழனி வேறு. ஊர் உறங்கிய பிறகுதான் புத்தகம். நள்ளிரவு தாண்டித் தலை சாய்த்தாலும் கண்ணை மூடவிடாத கவலை: "வட்டிக்கு வாங்கிக் கட்டிய பணமாயிற்றே, தோற்றால் என்ன செய்வது?"

இந்தப் பிள்ளையிடம்தான் கேட்கிறோம்: "உட்கார்ந்து படிப்பதில் என்னடா களைப்பு?"

மூட்டை தூக்கியவனின் முதுகு வலி ஊருக்குத் தெரியும். மனச்சுமை தூக்குபவனின் வலி யாருக்குத் தெரியும்?

பக்கத்திலேயே உத்திரமேரூர். பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டின் பெருமை பேசுவோர் பலர். ஆனால், அந்த அவையில் இடம்பெற நிலமும் சொந்த மனையும் வேதப் பயிற்சியும் வேண்டும் என்று விதிப்பதும் அதே கல்வெட்டுதான். அந்த வாசலுக்கு வெளியே நின்றவர்களின் வழிவந்த பிள்ளை இன்று கல்லூரிக்குள்ளே அமர்ந்திருக்கிறான். மகிழ்ச்சி! ஆனால், ஆயிரம் ஆண்டு ஏக்கத்தை மூன்றே ஆண்டில் தீர்க்கச் சொல்லி ஒரே தலையில் ஏற்றிவிட்டோமே, கழுத்து நோகாதா?

2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் 13,000-க்கும் மேற்பட்ட மாணவர்கள் தற்கொலையால் மாண்டனர் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். "கோழைகள்" என்று கூறிவிட்டுப் போவது எளிது. ஆலையில் விபத்து நேர்ந்தால் "தொழிலாளியின் கவனக்குறைவு" என்பானே முதலாளி, அதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

என்ன செய்யலாம்?

முதலாவது, உறக்கம். பகலில் படித்தது மனத்தில் நன்றாகப் பதிய இரவு உறக்கம் வேண்டும் என்கிறது மருத்துவ அறிவியல். விடிய விடிய விழித்துப் படிப்பது ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவது போலத்தான்.

இரண்டாவது, பேச்சு. "எத்தனை மார்க்கு?" என்பதற்கு முன்னே "சாப்பிட்டாயா, தூங்கினாயா?" என்று கேளுங்கள். சோறு இறங்கவில்லை, தூக்கமில்லை, நண்பர்களைத் தவிர்க்கிறான், காரணமின்றி எரிந்து விழுகிறான் என்ற நிலை இரண்டு வாரம் நீடித்தால், மந்திரவாதியிடம் ஓடாதீர், மருத்துவரிடம் செல்லுங்கள். சாகும் எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் முளைக்காது, பாரம்தான் இறங்கும். 14416 என்ற எண்ணில் எந்நேரமும், கட்டணமின்றி, தமிழிலேயே பேசலாம்.

மூன்றாவது, உரிமை. 100 மாணவர்களோ அதற்கு மேலோ உள்ள கல்வி நிலையம் பயிற்சி பெற்ற மனநல ஆலோசகர் ஒருவரையேனும் அமர்த்த வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் பணித்தது. உங்கள் பிள்ளையின் கல்லூரியில் அவர் இருக்கிறாரா? கட்டணம் கட்டச் செல்லும்போது கேளுங்கள். ஆலையில் முதலுதவிப் பெட்டி கேட்டு வாங்கிய சங்கத்தாருக்கு இதைக் கேட்கத் தெரியாதா?

ஒரு தாளில் தோற்றால்? மறுமுறை எழுதலாம். காஞ்சியில் பிறந்த அண்ணா, குடும்ப வறுமையால் படிப்பை நிறுத்தி, நகராட்சி அலுவலகத்தில் எழுத்தர் வேலை பார்த்தார். அதன் பிறகுதான் பச்சையப்பன் கல்லூரி. தடைப்பட்ட படிப்பு அவர் வாழ்வைத் தடுத்ததா?

தோழர்களே! இன்றிரவு பிள்ளை விளக்கடியில் கண் எரிய அமர்ந்திருந்தால், அருகே சென்று புத்தகத்தை மூடி வையுங்கள். "தேறினாலும் தேறாவிட்டாலும் நீ எங்கள் பிள்ளை" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். எட்டு மணி உறக்கம் தொழிலாளியின் உரிமை. தொழிலாளி பெற்ற பிள்ளைக்கும் அதே உரிமை!