கேட்காமலே மவுண்ட் ஆகும் டிஸ்க்

பென் டிரைவைச் செருகியவுடன் டெஸ்க்டாப்பில் ஐகான் வருகிறது, போல்டர் திறக்கிறது. பிளாப்பியைப் பார்க்கக்கூட டெர்மினலில் மவுண்ட் கட்டளையை டைப் செய்த காலத்தை அறிந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். நானும் இதை வரவேற்பவன்தான். ஆனால் "இந்த டிஸ்க்கைத் தொடாதே" என்று சொல்லும் வசதி, கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டும். ஜினோம் டெஸ்க்டாப்பில் அப்படி இல்லை.

இது என்ன பெரிய பிரச்சினை என்று நீங்கள் கேட்கலாம். குழந்தையின் முதல் பிறந்தநாள் படங்கள் அழிந்துவிட்டன என்று மெமரி கார்டுடன் என்னிடம் வருபவர்கள் உண்டு. அழித்த பைல் இருந்த இடம் காலியானதாகக் குறிக்கப்படுகிறதே தவிர, பெரும்பாலும் தகவல் உடனே போய்விடுவதில்லை. அதன் மேல் வேறு எதுவும் எழுதப்படாத வரை மீட்க வாய்ப்பு உண்டு. மவுண்ட் செய்வதோ வெறுமனே பார்ப்பது அல்ல. பேட் பைல் சிஸ்டம் என்றால் "பயன்பாட்டில் உள்ளது" என்ற அடையாளம் டிஸ்க்கில் எழுதப்படும். எக்ஸ்ட்4 என்றால், பாதியில் நின்ற வேலைகளை ஜர்னலைப் பார்த்து முடித்து வைக்கும். ரீட் ஒன்லி என்று மவுண்ட் செய்தாலும் இது நடக்கும்! நோலோட் ஆப்ஷனையும் சேர்த்துக் கொடுத்தால்தான் நிற்கும்.

பழுதாகிக்கொண்டிருக்கும் ஹார்ட் டிஸ்க்கின் நிலை இன்னும் மோசம். போல்டர் திறந்ததும் பைல் மேனேஜர் ஒவ்வொரு படத்துக்கும் தம்ப்நெயில் தயாரிக்கப் புறப்பட்டுவிடும். அந்த டிஸ்க்குக்கு மிச்சமிருக்கும் உயிரை டிடிரெஸ்க்யூ கொண்டு முழு நகல் எடுக்கச் செலவிட வேண்டும், தம்ப்நெயிலுக்கு அல்ல. தடயவியல் பணிக்கான கெய்ன் லினக்ஸில் எல்லா டிஸ்க்குகளும் முதலில் ரீட் ஒன்லியாகவே இருப்பது இதனால்தான்.

பாதுகாப்புக் கோணமும் உண்டு. விண்டோஸின் ஆட்டோரன் வைரஸ்களைப் பார்த்து லினக்ஸ்காரர்கள் சிரித்துக்கொண்டிருந்தபோது, 2011 ஷ்மூகான் மாநாட்டில் ஜான் லாரிமர், திரை பூட்டிய உபுண்டு கணினியில் ஒரு பென் டிரைவைச் செருகியே பூட்டைத் திறந்து காட்டினார். தம்ப்நெயில் தயாரிக்கும் புரோகிராமில் இருந்த ஓட்டையே வழி. இன்று திரை பூட்டியிருந்தால் ஜினோம் மவுண்ட் செய்வதில்லை.

சரி, உங்கள் கணினியில் மவுண்ட் செய்வது யார்? டெர்மினலில் மவுண்ட் என்று டைப் செய்து, டிஸ்க் எங்கே அமர்ந்திருக்கிறது என்று பாருங்கள். மீடியா அல்லது ரன் போல்டருக்குள் உங்கள் யூசர் பெயரின் கீழ் இருந்தால், டெஸ்க்டாப் கேட்டு யுடிஸ்க்ஸ் செய்த வேலை. வேறு இடமென்றால் எஃப்எஸ்டேப் பைலில் ஒரு வரி இருக்கும்.

ஜினோம் செட்டிங்ஸில் ரிமூவபிள் மீடியா என்ற பகுதியைப் பார்த்ததும் பலரும் அங்கே டிக் செய்துவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். அது புரோகிராம்கள் தானாக இயங்குவதை மட்டுமே தடுக்கும், மவுண்ட் ஆவதை அல்ல. உண்மையான சுவிட்ச் வேறு. டிகான்ஃப் எடிட்டரை நிறுவி, ஆர்க், ஜினோம், டெஸ்க்டாப், மீடியா ஹேண்ட்லிங் என்று வரிசையாக உள்ளே போய், ஆட்டோமவுண்ட் என்பதை அணைக்க வேண்டும். வீட்டுப் பயனாளர் எவர் இவ்வளவு தூரம் போவார்? அந்த டிக் பெட்டிக்குப் பக்கத்திலேயே இன்னொரு பெட்டி வைத்தால் போதுமே! எக்ஸ்எஃப்சிஇ-யில் ரிமூவபிள் டிரைவ்ஸ் செட்டிங்கில் வெளிப்படையாகவே வைத்திருக்கிறார்கள். அணைத்த பிறகும் சிரமம் ஒன்றுமில்லை, பைல் மேனேஜரின் இடப்பக்கம் டிஸ்க் பெயரை கிளிக் செய்தால் மவுண்ட் ஆகிவிடும்.

எஃப்எஸ்டேப் காரணம் என்றால் அந்த வரியில் நோஆட்டோ சேருங்கள், அல்லது வரியையே நீக்குங்கள். சேமித்ததும் சிஸ்டம்சிடிஎல் டீமன் ரீலோட் கட்டளையைக் கொடுக்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் சிஸ்டம்டி பழைய வரியையே நினைவில் வைத்துக்கொண்டிருக்கும்.