பெட்டிச் சாவி

வேதம் துரைமாரின் சொத்து என்று நம் பாட்டன்மார் பேசிக்கொண்டார்கள். அதில் பிழையில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முன்வரிசையில் முழந்தாளிட்ட துரைதான், திங்கட்கிழமை விடியுமுன் பெரட்டுக் களத்தில் நம்மவர் பெயரை வெட்டினார். கப்பற் பயணத்துக்கான செலவைக் கூலியின் தலையில் கடனாக எழுதி, அக்கடனைக் கொண்டே அவனைக் கட்டிப்போட்டார்கள். மலாயாவில் ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் ஒழிந்தது. அதன் தம்பியாகிய கங்காணி முறை 1938 வரை நீடித்தது.

ஆயினும் அதே வேதத்தைப் படித்த ஆங்கிலேயப் பாதிரியார் சி. எப். ஆண்ட்ரூஸை நாம் மறக்கலாகாது. 1904இல் டில்லிக்கு ஆசிரியராக வந்தவர் அவர். 1914இல் டர்பன் துறைமுகத்தில் காந்தியடிகளின் காலைத் தொட்டு வணங்கினார். அவ்வூர் வெள்ளையர்கள் கொதித்துப் போனார்கள். மறு ஆண்டே நண்பர் பியர்சனுடன் பிஜித் தீவுக்குப் போனார். 1879 முதல் அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட இந்தியர்கள் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கரும்புத் தோட்டங்களுக்கு ஏற்றப்பட்ட தீவு அது. நம் தமிழரும் அதில் உண்டு. பங்களா விருந்தோடு அவர் திரும்பிவிடவில்லை. லயங்களுக்குள் போனார், கூலிகளின் வாய்மொழியைக் கேட்டார், தற்கொலைகள் மலிந்திருந்ததை வெளியே எழுதினார். 1920 ஜனவரி முதல் நாள், எஞ்சிய ஒப்பந்தங்களும் ரத்தாயின.

பாதிரியார் ஒருவரால் மட்டும் விடிந்ததல்ல. தாமே ஒப்பந்தக் கூலியாக உழன்ற தோதாராம் சனாத்யா இந்தியா திரும்பி எழுதிய நூல் வழி திறந்துவிட்டது. கூலி வாய் திறந்தான், பாதிரியார் காது கொடுத்தார், அவ்வளவே.

இந்தப் பழங்கதை இப்போது எதற்கு? ஜொகூரில் பால்மரம் குறைந்து செம்பனை பெருகிவிட்டது. நாம் பிறந்த லயங்களில் இன்று வங்காளதேசத்தாரும் நேப்பாளியரும் இந்தோனேசியரும் குடியிருக்கிறார்கள். ஏஜெண்டுக்குக் கட்டக் கடன் வாங்கி வந்தவர் பலர். அவர்களுடைய பாஸ்போர்ட்டுகள் ஆபீஸ் இரும்புப் பெட்டியில் இருக்கின்றன. 1966ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டப்படி, பிறர் பாஸ்போர்ட்டை உரிய அதிகாரமின்றி வைத்திருப்பது குற்றம். "பத்திரத்துக்காகத்தான்" என்பார்கள். பத்திரம் யாருக்கு?

வெட்கத்தை விட்டுச் சொல்கிறோம்: அந்தப் பெட்டியின் சாவி கிராணியாகிய நம் மேசையில்தான் கிடக்கிறது. செக்ரோல் எழுதும் கையாலேயே எத்தனையோ முறை அதைப் பூட்டியிருக்கிறோம். பிறகு மாதா கோயிலில் போய்ப் பாட்டும் பாடினோம். கூலியைப் பிடித்துவைப்போரைக் கண்டிக்கும் யாக்கோபின் நிருபம் வாசிக்கப்பட்டபோது, துரைமாரை நினைத்துத் தலையாட்டினோம், சாவியை நினைக்கவில்லை.

"அந்நியன் நம் பிழைப்பைக் கெடுக்க வந்தவன்" என்று நம் தோழர்களே சொல்லக் கேட்கிறோம். இதே பேச்சை நம் பாட்டனும் இங்கே கேட்டிருப்பான். மலிந்த கூலிக்கு அவனைக் கொண்டுவந்தவர் யார் என்பதே கேள்வி. சங்கத்தில் சேர அவனுக்கும் சட்டப்படி உரிமை உண்டு. சந்தாப் புத்தகத்தை அவன் லயத்துக்கும் கொண்டுபோக வேண்டும்.

வருகிற சம்பள நாளன்று பாஸ்போர்ட்டுகளை உரியவர் கையில் கொடுக்கவேண்டுமென மானேஜரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.